கதவைத் திறந்த குடும்பத் தலைவர்: அருளாளர் யோசேப் உல்மா



ஒரு கிராமத்தில் குடும்பப் பெரியவர் ஒருவர் கண்மூடிவிட்டால், அவர் விட்டுச் சென்றதை எண்ணிப் பார்ப்பது நம் வழக்கம். இத்தனை ஏக்கர் நிலம், இத்தனை பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று கணக்கிட்டு, நிறைவாழ்வு வாழ்ந்தார் என்று சொல்லி ஆறுதல் அடைவோம். இந்தக் கணக்கின்படி எதையுமே விட்டுச் செல்லாத ஒரு விவசாயியை, பெயர் சொல்ல ஒரு பிள்ளைகூட எஞ்சாத ஒரு தந்தையை, இன்று திருஅவை குடும்பங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுகின்றது. அவர்தான் போலந்து நாட்டு அருளாளர் யோசேப் உல்மா.

போலந்தின் தென்கிழக்கில் உள்ள மார்க்கோவா என்னும் கிராமத்தில், 1900-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், எளிய விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஊர்ப் பள்ளியில் சில ஆண்டுகளே படித்தவர். பின்னர் வளர்ந்த வயதில் வேளாண் பள்ளி ஒன்றில் சேர்ந்து பயின்றார். ஊருக்குத் திரும்பியதும் பழமரக் கன்றுகளை வளர்த்து, அவற்றை எப்படிப் பேணுவது என்று அக்கம்பக்கத்தாருக்கும் கற்றுக் கொடுத்தார். தேனீ வளர்த்தார். பட்டுப்புழு வளர்த்தார். 1933-இல் அப்பகுதியில் நடந்த வேளாண் கண்காட்சியில் இவ்விரண்டிற்கும் அவருக்குப் பரிசு கிடைத்தது. காற்றாடி ஒன்றைத் தாமே செய்து, அதிலிருந்து வீட்டிற்கு மின்விளக்கு எரியச் செய்தார். கத்தோலிக்க இளையோர் இயக்கத்திலும் கிராமத்து நூலகப் பணியிலும் ஆர்வமாக ஈடுபட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புகைப்படம் எடுப்பதில் அவருக்குப் பெருவிருப்பம். ஊரில் நடந்த திருமணங்களையும், வயலில் உழைத்த மக்களையும், தம் மனைவி மக்களையும் அவர் படமெடுத்தார். அவற்றில் பல இன்றும் உள்ளன. மாவு பிசையும் தாயும், அவர் காலைச் சுற்றி நிற்கும் குழந்தைகளும் அப்படங்களில் நம்மைப் பார்க்கின்றனர். அந்த வீட்டில் மகிழ்ச்சி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

1935-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், தம்மைவிட 12 வயது இளையவரான விக்டோரியாவை அவர் மணந்தார். ஸ்தனிஸ்லாவா, பார்பரா, விளாடிஸ்லாவ், பிரான்சிஸ், அந்தோணி, மரியா என்று ஆறு பிள்ளைகளைக் கடவுள் அவர்களுக்குக் கொடுத்தார். ஏழாவது குழந்தை தாயின் வயிற்றில் இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது போலந்தை நாத்சி ஜெர்மனி ஆக்கிரமித்திருந்தது. யூதர்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று 1941-இல் ஆணை பிறந்தது. 1942-இல் மார்க்கோவாவில் வாழ்ந்த யூதர்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். அந்த ஆண்டின் இறுதியில், சாவுல் கோல்ட்மன் என்ற கால்நடை வியாபாரியும், அவருடைய நான்கு மகன்களும், அவர்களுடைய உறவினர்களான கோல்டா, லேயா என்ற இரு பெண்களும், லேயாவின் சிறு மகளும் உல்மாவின் வீட்டில் புகலிடம் பெற்றனர். ஆக எட்டுப் பேர். ஊரின் ஓரத்தில் இருந்த அந்தச் சிறிய வீட்டின் பரணில் அவர்கள் ஓராண்டுக்கும் மேலாக வாழ்ந்தனர். தோல் பதனிடுவதிலும் விறகு வெட்டுவதிலும் யோசேப்புக்கு உதவினர். ஏற்கெனவே எட்டுப் பேருக்கு உலை வைத்த விக்டோரியா, இப்போது பதினாறு பேருக்கு உலை வைத்தார்.

இங்கே நமக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. ஆறு குழந்தைகளுக்குத் தந்தையான ஒருவர், தம் பிள்ளைகளின் உயிரை இப்படி ஆபத்துக்கு உள்ளாக்கலாமா? தன் குடும்பத்தைக் காப்பதுதானே தந்தையின் முதல் கடமை? இது எளிதாகத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று. பிள்ளை பெற்றவர் எவரும் இதைக் கேட்கவே செய்வார். ஆனால் யோசேப்பின் வாசலில் நின்றவர்களும் ஒரு குடும்பமே. அங்கும் ஒரு தந்தை இருந்தார், ஒரு தாய் இருந்தார், ஒரு குழந்தை இருந்தது. கதவை மூடினால் அவர்களுக்குச் சாவு நிச்சயம். திறந்தால் தம் வீட்டாருக்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுதான் அவர் முடிவெடுத்தார்.

அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. உல்மா குடும்பத்தாரின் விவிலியத்தில், நல்ல சமாரியர் உவமையின் பகுதி கோடிடப்பட்டு, அதன் அருகே ஆம் என்னும் பொருள்தரும் ஒரே ஒரு போலந்துச் சொல் எழுதப்பட்டிருக்கிறது. நாம் பலமுறை கேட்டு, தலையசைத்துவிட்டு மறந்துபோகும் உவமைதான் அது. அந்த வீட்டில் அது வாசிப்போடு நிற்கவில்லை.

1944-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் விடியுமுன், யாரோ காட்டிக்கொடுத்ததால், ஜெர்மானியக் காவலர்கள் அந்த வீட்டைச் சூழ்ந்தனர். முதலில் யூதர்களைச் சுட்டனர். பிறகு யோசேப்பையும் கர்ப்பிணியான விக்டோரியாவையும் வீட்டின் முன்னே சுட்டனர். அலறிய குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை. மூத்தவளுக்கு ஏழு வயது, கடைசிக் குழந்தைக்கு ஒன்றரை வயது. அந்தக் காலைப்பொழுதில் பதினேழு உயிர்கள் பறிக்கப்பட்டன. தாயின் சாவு வேளையில் பிறந்த ஏழாவது குழந்தையும் அவற்றுள் ஒன்று.

ஊர் முழுவதும் அச்சத்தில் உறைந்தது. ஆயினும், பயமுறுத்துவதற்காகச் செய்யப்பட்ட அக்கொலைக்குப் பிறகும், மார்க்கோவாவின் வேறு வீடுகளில் மறைந்திருந்த சுமார் 20 யூதர்கள் போர் முடியும்வரை காப்பாற்றப்பட்டனர். உல்மா திறந்து வைத்த கதவை ஊர் மூடிவிடவில்லை. அவருக்கு உண்மையான வாரிசுகள் இவர்களே என்று சொல்லத் தோன்றுகிறது.

1995-இல் எருசலேமில் உள்ள யாத் வாஷேம் நினைவகம் யோசேப்பையும் விக்டோரியாவையும் நாடுகளுள் நேர்மையாளர் எனச் சிறப்பித்தது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், மார்க்கோவாவில் நடந்த திருப்பலியில் குடும்பம் முழுவதும், பெயர் சூட்டப்படாத அந்தப் பச்சிளம் குழந்தை உட்பட, அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டது. அவர்களது நினைவுநாளாகத் திருஅவை ஜூலை 7-ஐ வைத்திருக்கிறது. அது அவர்கள் இறந்த நாள் அன்று; யோசேப்பும் விக்டோரியாவும் திருமண அருளடையாளம் பெற்ற நாள். அவர்களுடைய சாட்சியம் அன்றே தொடங்கிவிட்டது என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

அன்பார்ந்தவர்களே, யோசேப்பைப் போன்ற சோதனை நமக்கு வராமல் இருக்கலாம். ஆனால் கதவு தட்டப்படாத வீடு இல்லை. உறவினர் கைவிட்ட முதியவர், ஊர் ஒதுக்கிய குடும்பம், பிழைப்பு தேடி வந்த அயலார் என்று யாரேனும் நம் வாசலில் நிற்கவே செய்வர். அப்போது வீட்டுத் தலைவர் என்ன செய்கிறார் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று மாலை குடும்ப செபத்தில் நல்ல சமாரியர் உவமையை ஒருமுறை சேர்ந்து வாசிப்போம். அதன் அருகே நாம் என்ன எழுதப்போகிறோம் என்று நம்மையே கேட்டுப் பார்ப்போம்.