வணிகப் பெருமகன் பிரேம்சந்த் ராய்சந்த்

பம்பாய்ப் பங்குச் சந்தையின் முன்னோடியாகப் போற்றப்பெறும் பிரேம்சந்த் ராய்சந்த், 1831ஆம் ஆண்டு சூரத் நகரில் சமணக் குடும்பமொன்றில் தோன்றினார். இளமையிலேயே பம்பாய்க்கு வந்து, ஆங்கிலக் கல்வி பெற்று, பருத்தியிலும் பங்கிலும் தரகுத் தொழில் மேற்கொண்டார். அந்நாளில் தரகர்களுக்குக் கட்டடம் இல்லை. நகர மண்டபத்தின் எதிரே நின்ற ஆலமரத்து நிழலே சந்தை, வாய்ச்சொல்லே ஒப்பந்தம்.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்படவே, இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு ஏறிற்று. பம்பாயில் குவிந்த செல்வம் புதுப்புது வங்கிகளையும் நிறுவனங்களையும் தோற்றுவித்தது. கடலைத் தூர்த்து நிலமாக்க எழுந்த பேக்பே நிறுவனத்தின் 5,000 ரூபாய்ப் பங்கு, பத்து மடங்கு விலை வரை கைமாறியது. பிரேம்சந்தின் சொல்லுக்குச் சந்தையே செவிசாய்த்தது.

இவ்வேற்றத்தின் அடிப்படை யாது? 1863ஆம் ஆண்டுச் சட்டம் பம்பாய் வங்கியின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. வங்கி, பங்குகளையே ஈடாகப் பெற்றுக் கடன் வழங்கிற்று. அக்கடனால் மேலும் பங்குகள் வாங்கப்பெற்றன. விலை மேலும் உயர்ந்தது. உயர்ந்த விலையைக் காட்டி மீண்டும் கடன் பெற்றனர். குறித்த நாளில் பணம் தருவதாகக் கூறிக் கைப்பொருளின்றி வாங்கியோரும் பலர்.

1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. தவணைகள் முதிர்ந்த ஜூலை 1ஆம் நாள், கொடுப்பதற்குப் பணம் உடையார் அரியராயினர். ஈடும் கடனும் ஒருசேர மதிப்பிழந்தன. பிரேம்சந்தின் பெருஞ்செல்வம் கரைந்தது. 1868இல் பம்பாய் வங்கியும் மூடப்பட்டது. அவ்வங்கி அளவிறந்து கடன் வழங்கியதில் அவருடைய செல்வாக்கிற்கும் பங்குண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது.

எனினும் அவர் ஒடுங்கிவிடவில்லை. எளிய வாழ்வு மேற்கொண்டு மீண்டும் தரகில் ஊன்றினார். 1875 ஜூலை 9 அன்று, ஒரு ரூபாய் நுழைவுக் கட்டணத்துடன் தரகர் சங்கம் உருவாகக் காரணமானவர்களுள் அவரும் ஒருவர். வாய்ச்சொல்லை நம்பிய வாணிகத்துக்கு விதியும் ஒழுங்கும் வகுத்த அச்சங்கமே பின்னர் பம்பாய்ப் பங்குச் சந்தையாக வளர்ந்தது.

வளம் மிக்கிருந்த 1864இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்கு அவர் ஈந்த 4 லட்சம் ரூபாயால் நூலகமும், அன்னையார் ராஜாபாயின் பெயர் தாங்கிய மணிக்கூண்டும் எழுந்தன. பார்வை குன்றிய அன்னையார் பொழுதறிந்து இரவுண்ணா நோன்பு காக்க அம்மணி உதவியதாகச் செவிவழிச் செய்தி கூறும். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அவர் நிறுவிய உதவித்தொகையால் அறிஞர் பலர் உயர்ந்தனர்.

1906இல் அவர் மறைந்தார். அவர் சேர்த்த பங்குகள் ஒரு பருவத்திற்குள் வெறுந்தாளாயின. ஈந்தவை இன்றும் நிற்கின்றன. மிகுபொருள் விரும்பாமை இல்லறத்தார்க்கு விரதமாக வகுக்கப்பட்டதன் பயனை இவ்வொரு வாழ்வே நமக்குத் தெளிவுறுத்தும்.