குதிரையில்லா வண்டி

மோட்டார்க் காருக்குச் சுக்கான் எத்தகையதோ, குதிரை வண்டிக்குக் கடிவாளம் அத்தகையது. அஃதின்றி வண்டியைச் செலுத்துதல் இயலாது. ஆயின், குதிரையும் கடிவாளமும் நீங்கிய வண்டியிலே கொழும்பு மாநகரிற் பவனி வந்த பெருமகனார் ஒருவர் உளர். அவரே சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

1851ஆம் ஆண்டு சித்திரைத் திங்களிற் கொழும்பிற் பிறந்த அன்னார், 1879இலே தமிழர் பிரதிநிதியாய்ச் சட்டநிரூபண சபை புகுந்தார். 1911இலே படித்த இலங்கையர் அவரையே தம் பிரதிநிதியாய்த் தெரிந்தெடுத்தனர். கொச்சிக்கடையிலே, தந்தையார் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கற்றிருப்பணியாய்ப் புதுக்கியவரும் அவரே.

1915இலே சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டது. முஸ்லிம்கள் பலர் உயிரும் உடைமையும் இழந்தனர். அரசினர் இராணுவச் சட்டம் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்களைச் சிறையிலிட்டனர். விசாரணையின்றியே சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இராமநாதன் அக்கொடுமையைச் சபையிலே கண்டித்தார். அதனோடு அமையாது, அறுபத்து நான்கு வயதினராயிருந்தும், போர்க்காலக் கடலின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அஞ்சாது இங்கிலாந்து சென்று நீதி கோரினார்.

அன்னார் மீண்டபோது, சிங்கள அன்பர்கள் வண்டியினின்றும் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் துறைமுகத்திலிருந்து வார்ட் பிளேஸ் இல்லம் வரை தாமே இழுத்துச் சென்றனர். அன்று அவ்வண்டியைச் செலுத்தியது நன்றியுணர்வே.

அவ்வொற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1921இலே பிரதிநிதித்துவம் பற்றிய பிணக்கு இரு சாராரையும் பிரித்தது. சர்வசன வாக்குரிமையை அன்னார் எதிர்த்ததும் மறைத்தற்குரியதன்று. 1930ஆம் ஆண்டு கார்த்திகையில் அவர் மறைந்தார். அவர் நிறுவிய பரமேசுவரக் கல்லூரி வளவிலேயே 1974இற் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. பிறர் துயரைத் தம் துயராய்க் கொண்டவர்க்கு மக்கள் தோள்கொடுத்த அந்நாள், இலங்கையர் யாவரும் நினைத்தற்குரியது.