கொல்லர் மகன் திறந்த வாசல்

மின்கம்பத்துப் பீங்கானில் மின்சாரம் பாயாது. ஆனால், நெருப்பாய்ச் சிவந்த ஒருவகைப் பீங்கான் இன்று மின்சாரம் தயாரிக்கவே பயன்படுகிறது! அதற்கு வாசல் திறந்தவர் யார்? பிரபுவா? பட்டதாரியா? இல்லை, கொல்லர் மகன் மைக்கேல் பாரடே!

1791-ல் லண்டனை அடுத்த நியூயிங்டனில் பிறந்தார். தந்தை உலைக்களத்தில் உழைத்தும் வீட்டில் வறுமை. எழுத்தும் கணக்கும் ஓரளவு கற்றதோடு பள்ளி முடிந்தது. 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகினார். ஏழாண்டு! பிறருக்காகத் தைத்த புத்தகங்களைத் தாமும் படித்தார்.

1812-ல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெழுதினார். தம் கையாலேயே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. டேவியோடு ஐரோப்பா சென்றபோது, டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாக நடத்தினார். அவமானத்தைப் பொறுத்தார், ஆராய்ச்சியை விடவில்லை.

1831-ல் காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் வழி கண்டார். அது உலகறிந்த கதை. பலர் அறியாத கதை ஒன்றும் உண்டு. உலோகம் சூடேறினால் அதில் மின்சாரம் பாய்வது குறையும். 1830-களில் பாரடே வெள்ளி சல்பைடையும் ஈய புளோரைடையும் சூடாக்கினார். இவற்றிலோ, சூடு ஏற ஏற மின்சாரம் நன்றாகப் பாய்ந்தது! ஈய புளோரைடுக்குள், அது உருகாதபோதே, மின்னேற்றம் கொண்ட அணுக்கள், அதாவது அயனிகள், நகர்வதே காரணம் என்பது பின்னாளில் விளங்கிற்று.

அன்று அதனால் என்ன லாபம்? ஒன்றுமில்லை! ஆனால் விதை வீண்போகவில்லை. 1899-ல் ஜெர்மானிய அறிஞர் நெர்ன்ஸ்ட், சிர்க்கோனியாவில் இட்ரியா கலந்த பீங்கானில் அதே தன்மையைக் கண்டார். 1937-ல் சுவிட்சர்லாந்தில் பவுரும் பிரைசும் சிர்க்கோனியாப் பீங்கானைக் கொண்டு எரிபொருள் மின்கலம் செய்தனர்.

பீங்கானின் ஒருபுறம் காற்று, மறுபுறம் எரிபொருள். காற்றிலுள்ள ஆக்சிஜன் அயனியாகிப் பீங்கானைக் கடந்து எரிபொருளோடு சேர்கிறது. எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பியில் ஓடுகின்றன. அதுதான் மின்சாரம்! தூய ஹைட்ரஜன்தான் வேண்டுமென்பதில்லை. கந்தகம் நீக்கிய சாண எரிவாயு போதும், அம்மோனியாவும் போதும். கரி படிவது, சூட்டில் பீங்கான் விரிசல் காண்பது ஆகிய தொல்லைகள் மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

சர் பட்டம் வேண்டாமென்றார் பாரடே. ராயல் சொசைட்டித் தலைமையையும் மறுத்தார். 1867-ல் மறையும்வரை வெறும் பாரடேயாகவே வாழ்ந்தார்.

புத்தகம் கைக்கு எட்டியதால் ஒரு பாரடே கிடைத்தார். எட்டாததால் எத்தனை பாரடேக்கள் பட்டறையோடு முடிந்தார்களோ? தோழனே, உன் பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடு!