மார்க்கோனியோடு பரிசு பெற்ற ஜர்மானியர்

கம்பியில்லாத் தந்தி என்றதும் மார்க்கோனியின் பெயரே எல்லோர் நாவிலும் எழுகிறது. 1909-ம் வருஷம் அவருக்கு அளிக்கப்பட்ட பௌதிக சாஸ்திர நோபல் பரிசில் சரிபாதி ஒரு ஜர்மானியப் பேராசிரியருக்கு உரியதாயிற்று என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. கார்ல் பெர்டினாண்ட் பிரௌன் என்ற அப்பெரியார் விளம்பரம் தேடியவர் அல்லர். அவர் பெயர் மங்கியதற்கு அது ஒரு காரணம். அவருடைய தேசம் யுத்தத்தில் தோற்றது மற்றொரு காரணம். ஜயித்தவர்கள் எழுதும் சரித்திரத்தில் தோற்றவர்களின் சேனாபதிகளுக்கு மட்டுமன்றி, அவர்களுடைய விஞ்ஞானிகளுக்கும் இடம் குறுகிவிடுகிறது.

பிரௌன் 1850-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி ஹெஸ்ஸே ராஜ்யத்திலுள்ள புல்டா நகரில் பிறந்தார். மார்பர்க்கிலும் பெர்லினிலும் கற்று, 1872-ல் டாக்டர் பட்டம் பெற்றார். சர்வகலாசாலையில் உத்தியோகம் எளிதில் கிடைக்கக்கூடிய காலம் அல்ல அது. எனவே 1874-ல் லைப்ஸிக் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உபாத்தியாயராக அமர்ந்தார். அங்கே பிள்ளைகளுக்காகக் கணிதமும் இயற்கை சாஸ்திரமும் புகட்டும் நூல் ஒன்றும் எழுதினார். ஆனால் அவருடைய வாழ்க்கையின் முதற் பெரும் கண்டுபிடிப்பும் அதே 1874-ம் வருஷத்தில்தான் வெளிவந்தது.

உலோகமும் கந்தகமும் கூடிய சில கனிப் பொருள்களின்மீது மெல்லிய கம்பி முனையை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், ஒரு திசையில் தாராளமாகச் செல்லும் மின்சாரம் எதிர்த் திசையில் தயங்கி நிற்பதைப் பிரௌன் கண்டார். ஓம் வகுத்த விதிக்கு இது மாறுபட்டது. இதனால் என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் ஒருவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. கால் நூற்றாண்டு சென்ற பிறகே, விண்ணில் வரும் மின்சார அலைகளைப் பிடித்துக் காதுக்குக் கேட்கச் செய்ய இவ்வுபாயம் உதவியது. 1920-க்குப் பின் கிரிஸ்டல் ரேடியோ கேட்ட ஒவ்வொருவர் கையிலும் இருந்தது அந்தக் கல்லும் அந்தக் கம்பி முனையுமே. இவ்விடத்தில் நம் ஜகதீச சந்திர போஸை நினையாமல் இருக்க முடியாது. 1895-ல் கல்கத்தாவில் மின்சார அலைகளைக் கொண்டு ஜனங்களுக்குப் பரிசோதனை காட்டியவர் அவர். ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனாக் கல்லினால் அலைகளை உணரும் கருவிக்கு, நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி அவர் மனுச்செய்த அமெரிக்கப் பேடண்டு 1904-ல் வழங்கப்பட்டது. அதைக் கொண்டு பொருள் ஈட்ட அவர் முனையவில்லை.

லைப்ஸிக்கிலிருந்து பிரௌன் மார்பர்க், ஸ்ட்ராஸ்பர்க், கார்ல்ஸ்ரூ, டூபிங்கன் ஆகிய இடங்களில் பேராசிரியராகப் பணியாற்றி, 1895-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் தலைவரானார். கார்ல்ஸ்ரூவில் அவர் விட்ட நாற்காலியில் 1885-ல் அமர்ந்தவர் ஹெர்ட்ஸ் என்பதும், மின்சார அலைகள் உண்டென்று அவர் நிரூபித்துக் காட்டியது அங்கேதான் என்பதும் ரஸமான தற்செயல்.

1897-ல் பிரௌன் அமைத்த கண்ணாடிக் குழாய்தான் அவருக்கு நிலைத்த கீர்த்தியைத் தேடித் தந்தது. காற்று நீக்கிய குழாயில் ஒரு முனையிலிருந்து கிளம்பும் கதோட் கிரணங்களைச் சிறு துவாரத்தின் வழியாக மெல்லிய கற்றையாக்கி, மறுகோடியில் ஒளிரும் பூச்சுக்கொண்ட திரையில் புள்ளியாக விழச் செய்தார். பக்கத்தில் வைத்த கம்பிச் சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அப்புள்ளியும் ஏறி இறங்கியது. கண்ணுக்குப் புலப்படாத மின்சாரத்தின் நடையைக் கண்ணால் காணும் பாக்கியம் இவ்வாறு கிடைத்தது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து விளக்குகளுக்கு வரும் மின்சாரம் எப்படி அசைகிறது என்பதை அவர் அக்குழாயில் காட்டினார். அதற்குப் பேடண்டு வாங்கவில்லை. செய்முறையை அப்படியே பத்திரிகையில் பிரசுரித்துவிட்டார். 1907-ல் ருஷ்யாவில் போரிஸ் ரோஸிங் அதே குழாயைக் கொண்டு தூரத்துச் சித்திரங்களைக் காட்ட வழி தேடினார். இருபதாம் நூற்றாண்டு முடியுமட்டும் வீடுதோறும் இருந்த டெலிவிஷன் பெட்டியின் திரை அந்தக் குழாயின் சந்ததியே.

கம்பியில்லாத் தந்திக்கு அவர் வந்தது 1898-ல். கொலோன் நகரத்துச் சாக்லேட் உற்பத்தியாளர் லுட்விக் ஸ்டோல்வெர்க் முதலிய சில தனவந்தர்கள் பணம் போட்டுத் தொடங்கிய முயற்சிக்கு அவர் ஆலோசகரானார். முதலில் நீரின் வழியாகச் சேதி அனுப்பும் பரிசோதனைகள் நடந்தன. பிறகே அவர் மார்க்கோனியின் கருவியில் இருந்த குறையின்மீது மனத்தைச் செலுத்தினார்.

மார்க்கோனியின் கருவியில் ஏரியல் கம்பியிலேயே நேராகப் பொறி பறந்தது. பொறி தாண்டும் இடைவெளியை அகலமாக்கினால் சேதி இன்னும் தூரம் செல்லும் என்று எண்ணினார்கள். ஓர் அளவுக்குமேல் பொறியே சக்தியைத் தின்றுவிட்டது; விரிசல் விட்ட பானையைத் தட்டினாற்போல, அலை பிறந்த மாத்திரத்தில் மடிந்தது. பிரௌன் பொறியை ஏரியலிலிருந்து பிரித்தார். லெய்டன் ஜாடிகளும் கம்பிச் சுருளும் கொண்ட மூடிய வட்டம் ஒன்றில் அதை அமைத்து, அங்கே எழும் அதிர்வை வேறொரு சுருளின் மூலம் ஏரியலுக்கு ஊட்டினார். ஜாடிகளில் வேண்டிய மட்டும் சக்தியைத் திரட்டலாம். ஏரியல் அதை வெளியே பரப்பும். இரண்டும் ஒத்த சுருதியில் நிற்கவேண்டியதே முக்கியம்: தம்புராவில் ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதியில் கூட்டிய மற்றொரு தந்தி தானே அதிர்வதில்லையா! இம்முறைக்கு 1898 அக்டோபரில் ஜர்மனியில் பேடண்டு கோரப்பட்டது. இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜும் இத்துறையில் உழைத்தவர் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், பொறியை ஏரியலிலிருந்து விலக்கியதே தூரத்தை வென்ற படி என்பது எமது அபிப்பிராயம். குக்ஸ்ஹாவனுக்கும் ஹெலிகோலாந்துத் தீவுக்கும் இடையே 62 கிலோமீட்டர் கடலைக் கடந்து 1900-ல் அவர் முறையில் சேதி சென்றது.

இதற்குள் இது ஆராய்ச்சிச் சாலை விவகாரமாக இராமல் ராஜீய விவகாரமாகிவிட்டது. 1902-ல் பஸிபிக் கேபிள் முடிந்ததும், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மண்ணையே தொட்டு உலகைச் சுற்றிவரும் தந்தி வளையம் பூர்த்தியாயிற்று. தந்திக் கம்பியைப் பிடித்திருப்பவன் கையில் என்ன பலம் இருக்கும் என்பதை, அக்கம்பியைக் கொண்டே ஆளப்பட்ட நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. கடலடியில் கம்பி இல்லாதவர்களுக்கு எஞ்சியிருந்தது விண்வழி ஒன்றே. அதிலும் மார்க்கோனிக் கம்பெனியார் தங்கள் கருவி இல்லாத கப்பல்களோடு பேச மறுத்தனர். ஆகவே கெய்ஸரின் தூண்டுதலால், பிரௌனுடைய முறையைக் கையாண்ட ஸீமன்ஸ் கோஷ்டியும் ஸ்லாபி, ஆர்கோ இருவரின் முறையைக் கையாண்ட கோஷ்டியும் 1903-ல் ஒன்றுபட்டு டெலிபுங்கன் கம்பெனி பிறந்தது. எந்தக் கருவி வைத்திருக்கும் கப்பலாயினும் கரை நிலையங்கள் அதன் சேதியை ஏற்றாக வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 1906-ல் பெர்லினில் கையெழுத்தாயிற்று.

பிரௌன் கம்பெனி விவகாரங்களைவிட ஆராய்ச்சியையே விரும்பினார். 1905-ல் மூன்று ஏரியல்களை முக்கோணமாக நட்டு, அவற்றின் அதிர்வுகளைச் சிறிது முன்பின்னாக அமைத்து, அலைகளை வேண்டிய திசையில் செலுத்திக் காட்டினார். பிற்காலத்து ராடார் நிபுணர்கள் இதே தத்துவத்தைப் பயன்படுத்தினர். நான்கு வருஷத்துக்குப் பின் ஸ்டாக்ஹோமில் 35 வயது மார்க்கோனியோடு 59 வயதுப் பிரௌன் பரிசு பெற்றார்.

1914 ஆகஸ்டு 5-ந் தேதி, யுத்தம் மூண்ட மறுநாளே, இங்கிலீஷ் கால்வாயில் கிடந்த ஜர்மன் கேபிள்களைப் பிரிட்டிஷ் கப்பல் ஒன்று அறுத்தெறிந்தது. அமெரிக்காவோடு பேச ஜர்மனிக்கு மிஞ்சியவற்றுள் முக்கியமானது, பெர்லினை அடுத்த நாவனிலிருந்து 6,000 கிலோமீட்டருக்கு அப்பால் நியூயார்க்கை அடுத்த ஸேவில் வரையில் சென்ற டெலிபுங்கன் விண்வழி. அந்த ஸேவில் நிலையத்தின்மீது மார்க்கோனிக் கம்பெனியார் பேடண்டு வழக்குத் தொடுத்தனர். கம்பி அறுந்துவிட்டது, நீதிமன்றத்தில் தோற்றால் குரலும் அறும். சாட்சி சொல்ல 64 வயதான பிரௌன், உடல்நலம் குன்றியிருந்தும், தம் சீடர் ஸென்னெக்குடன் 1914 முடிவில் பிரிட்டிஷ் கடற்படை காவல் காத்த சமுத்திரத்தைத் தாண்டி நியூயார்க் சேர்ந்தார்.

1915 ஏப்ரலில் மார்க்கோனியும் அவ்வழக்குக்காக வந்தார். இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, அவர் திரும்பிவிட்டார். வழக்கும் முடிவு காணாமல் நின்றது. ஜூலையில் ஸேவில் நிலையத்தை அமெரிக்கக் கடற்படையே எடுத்துக்கொண்டது. சுருதி கூட்டும் முறையைப் பற்றி மார்க்கோனி கொண்டாடிய முக்கிய அமெரிக்கப் பேடண்டு உரிமைகள் செல்லாவென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது 1943-ல்.

பிரௌனுக்குத் தாய்நாடு திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. நோய் ஒரு பக்கம். கடல் முற்றுகை மறுபக்கம். 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் யுத்தத்தில் சேர்ந்தபின், அவர் புரூக்ளினை விட்டு அகல முடியாத எதிரி தேசத்தவரானார். 1918-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய அஸ்தி பிற்பாடு புல்டாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பத்தொன்பது வருஷம் அவர் தலைமை வகித்த ஆராய்ச்சிச் சாலை இருந்த ஸ்ட்ராஸ்பர்க், அதற்குள் பிரெஞ்சு நகரமாகிவிட்டது.