முந்திப் பழுக்கும் திராட்சையைத் தந்த ஹெர்மன் முல்லர்

வெள்ளை ஒயின் செய்யும் திராட்சைகளில் ஜெர்மனியின் ரீஸ்லிங்குக்குத் தனி மதிப்பு உண்டு. அதில் புளிப்பு அதிகம். ஒயின் பல ஆண்டுகள் தாங்குவதற்கு அந்தப் புளிப்பே பெரும் காரணம். நன்கு விளைந்த ரீஸ்லிங் ஒயின் 20, 30 ஆண்டுகள் புட்டியில் இருந்தாலும் மெருகேறும். ஆனால், அந்தக் கொடி தாமதமாகப் பழுக்கும். குளிர் முந்திவிட்டால் விவசாயியின் ஓராண்டு உழைப்பு வீண்.

இந்தக் கவலைக்கு விடை தேடியவர்தான் தாவரவியல் அறிஞர் ஹெர்மன் முல்லர்.

சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்தில் 1850 அக்டோபர் 21ஆம் தேதி பிறந்தார். தந்தை ரொட்டி சுடும் தொழிலோடு திராட்சையும் பயிரிட்டவர். முல்லர் என்ற பெயர் அங்கே மிகச் சாதாரணம். அதனால் பிறந்த மண்ணின் பெயரையும் சேர்த்து முல்லர்-துர்காவ் ஆனார். சூரிச்சில் படித்து, ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க்கில் முனைவர் பட்டம் பெற்றார். 1876இல் கைசன்ஹைம் ஆய்வுக்கூடத்தில் பணியில் சேர்ந்தார்.

அங்கு 1882இல் ஒரு புதிய கொடியை உருவாக்கினார். ரீஸ்லிங்கின் தரமும், சில்வானர் என்ற வகையின் முந்திப் பழுக்கும் குணமும் ஒரே கொடியில் சேர வேண்டும் என்பது அவர் நோக்கம். 1891இல் தாய்நாடு திரும்பி, வேடன்ஸ்வீல் ஆய்வு நிலையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்தக் கொடியின் 150 துண்டுகளும் அங்கு வந்து சேர்ந்தன. 1913இல் அது மீண்டும் ஜெர்மனிக்குச் சென்றது. அங்கே அவர் பெயரையே அதற்குச் சூட்டினர்.

கொடி முந்திப் பழுத்தது. மகசூலும் நிறையக் கொடுத்தது. ரீஸ்லிங் விளையாத இடத்திலும் வளர்ந்தது. பூ மணமும் மென்மையான சுவையும் இருந்தன. ஆனால், புளிப்பு குறைவு. அதனால் அந்த ஒயினை ஓரிரு ஆண்டுகளில் குடித்துவிடுவதே நல்லது. ரீஸ்லிங்கின் நீண்ட ஆயுள் அதற்கு வாய்க்கவில்லை.

இருந்தும் சிறு விவசாயிகள் அதையே நாடினர். 1970களில் ஜெர்மனியில் மிக அதிகமாகப் பயிரான திராட்சை அதுதான். அளவுக்கு மீறிக் காய்க்கவிட்டு, சப்பென்ற மலிவு ஒயின் செய்ததால் பின்னர் பெயர் கெட்டது. மகசூலைக் கட்டுப்படுத்திய குளிர்ந்த மலைச்சரிவுகளில் இன்றும் நல்ல ஒயின் தருகிறது.

ஒயினுக்குப் புகழ்பெற்ற முல்லர், போதையில்லாப் பழச்சாற்றுக்கும் முன்னோடி. சாற்றைச் சூடாக்கிக் கிருமிகளை அழித்து, புளிக்காமல் காக்கும் முறையை விளக்கி 1896இல் நூல் எழுதினார். புட்டியில் பழச்சாறு குடிக்கும் பிள்ளைகளுக்கும் அவர் உழைப்பில் பங்குண்டு.

1924 வரை வேடன்ஸ்வீல் நிலையத்தை நடத்தி, 1927 ஜனவரி 18ஆம் தேதி அங்கேயே காலமானார். பின்னாளில் மரபணுச் சோதனை ஓர் உண்மையைக் காட்டியது. அந்தக் கொடியில் சில்வானர் கலக்கவே இல்லை. ரீஸ்லிங்கோடு சேர்ந்தது மடலென் ரோயல் என்ற வேறு வகை. தம் பெயரைத் தாங்கிய கொடியின் பிறப்பை அறியாமலே அவர் மறைந்தார். ஆனாலும், குளிருக்கு முன் பழம் பறிக்க வேண்டும் என்ற விவசாயியின் தேவையை அந்தக் கொடி நிறைவேற்றியது.