வெக்னர் சொன்னதும் சொல்ல இயலாததும்

பள்ளிப் பாடநூல்கள் இரண்டு வரிகளில் கடந்துவிடும் ஆல்ஃபிரட் வெக்னர், 1880-இல் பெர்லினில் பிறந்தார். வானியலில் முனைவர் பட்டம் பெற்று, வானிலை ஆய்வுக்குச் சென்றவர். நிலவியல் அவருக்கு அயல்துறை. ஆயினும் கண்டங்கள் யாவும் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்து பிரிந்தவை என்று 1912-இல் அறிவித்தார். ஆப்பிரிக்க, தென் அமெரிக்கக் கரைகள் பொருந்துவது மட்டுமே அவரது சான்றன்று. குளோசாப்டெரிஸ் என்னும் தொல்தாவரத்தின் புதைபடிவங்கள் நம் கோண்டுவானா நிலக்கரிப் பாறைகளிலும் உண்டு. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவிலும் உண்டு. ஒரே தாவரம் இத்தனை பெருங்கடல்களை எவ்வாறு தாண்டியிருக்கும்?

நிலவியலாளர் பலர் ஏற்கவில்லை. அவர்களை மூடர்கள் என்று இன்று ஏளனம் செய்வது எளிது, நியாயமன்று. கண்டங்களை நகர்த்தும் விசைகளாக வெக்னர் காட்டிய புவிச் சுழற்சியும் ஓத ஈர்ப்பும் அப்பணிக்குச் சிறிதும் போதா என்று ஹரால்ட் ஜெஃப்ரீஸ் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கில் பிழையில்லை. கடற்தளம் விரிவதைக் காந்தச் சான்றுகள் 1960-களில் உறுதிசெய்த பின்னரே கண்ட நகர்வு பரவலாக ஏற்கப்பட்டது.

அதைக் காண அவர் இல்லை. கிரீன்லாந்தின் நடுப் பனிப்பரப்பிலிருந்த நிலையத்துக்குப் பொருள்கள் கொண்டுசென்றவர், 1930 நவம்பர் 1-இல், தம் ஐம்பதாம் பிறந்தநாளன்று, ராஸ்மஸ் வில்லும்சன் என்னும் கிரீன்லாந்து இளைஞருடன் கரை நோக்கிப் புறப்பட்டார். வழியில் இறந்தார். அவர் உடல் அடுத்த மே மாதம் பனிக்குள் கிடைத்தது. வில்லும்சன் கிடைக்கவேயில்லை.