மொட்டை மாடிக் காற்றும் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணனும்

புசா ரோடு, கரோல் பாக் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேச்சு வராமல் இருப்பதில்லை. மொட்டை மாடியில் சிறியதாக ஒரு காற்றாலையை நிறுத்திவிட்டால் கட்டணம் பாதியாகிவிடும் என்று யாராவது ஒருவர் சொல்வார். விற்பனைக்காரர் காட்டும் படத்தில் அது ஓயாமல் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பதினான்கு ஆண்டுகள் பணிபுரிந்த ஒரு தமிழரின் நினைவு எனக்கு வரும். புசா வளாகத்தை ஒட்டியுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் அமைந்த சாலைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர்தான் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ஆம் தேதி பிறந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். ஆடிக் காற்றின் வேகம் அறிந்த சீமை அது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு கல்கத்தா சென்று, 1923-ல் சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது சோதனைகளில் உடனிருந்து உழைத்தவர் இவர். அதை உலகுக்கு அறிவித்த முதல் கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்று பின்னாளில் பலர் வாதாடினார்கள். அவரோ 1928 இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தம் வேலையில் மூழ்கிவிட்டார்.

டாக்காவில் அவர் எடுத்துக்கொண்டது படிகங்களின் காந்தப் பண்பு. சிறிய படிகம் ஒன்றை மெல்லிய இழையில் கட்டிக் காந்த முனைகளுக்கிடையே தொங்கவிட்டு, இழையின் மேல்நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார். ஒரு நிலைவரை அசையாதிருக்கும் படிகம் ஒரு கட்டத்தில் சட்டென்று புரண்டுவிடும். அந்த முறுக்குக் கோணத்திலிருந்து, கண்ணுக்கும் கைக்கும் தட்டுப்படாத மிகச் சிறிய விசையைக் கணக்கிட்டுவிடுவார். செலவு குறைந்த கருவிதான், அளவோ துல்லியம். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1946-ல் சர் பட்டம் வந்தது.

தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு 1947 ஜனவரி 4-ஆம் தேதி நேரு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரி 21-ல் சர்தார் படேல் அதைத் திறந்து வைத்தார். முதல் இயக்குநர் கிருஷ்ணன். நாட்டின் அளவைகளைக் காப்பது இந்தக் கூடத்தின் தலையாய வேலை. நம் கடைக்காரரின் எடைக்கல்லுக்கு மூலமான 57-ஆம் எண் கிலோகிராம் இங்கேதான் இருக்கிறது.

அவர் காலத்தில் இங்கே ஒரு சூரிய அடுப்பும் உருவாயிற்று. குழிந்த அலுமினிய ஆடி வெயிலைக் குவித்துப் பாத்திரத்தின்மேல் விழச் செய்யும். விறகும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். 1950-களின் தொடக்கத்தில் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. ஆனால் மக்கள் வாங்கவில்லை. வெயில் நகர நகர ஆடியைத் திருப்ப வேண்டும். சமைப்பவர் உச்சி வெயிலில் நிற்க வேண்டும். இரவுச் சமையலுக்கு அது உதவாது. இயந்திரம் செய்தவர்கள் சூரியனை அளந்தார்கள், சமையலறையை அளக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கேலிப் பேச்சு ஆய்வுக்கூடத்தின் தலையில் விழுந்தது.

காற்றும் அன்று மறக்கப்படவில்லை. 1954 அக்டோபரில் யுனெஸ்கோ ஏற்பாட்டில் காற்று, சூரிய சக்திகளைப் பற்றிய சர்வதேசக் கருத்தரங்கு புதுதில்லியில்தான் நடந்தது. பிற்பாடு 1960-களில், பெங்களூர் தேசிய விமான ஆய்வுக்கூடம் நீர் இறைக்கும் காற்றாலைகளைச் செய்து பார்த்தது.

மாடிக் காற்றாலை வாங்க நினைப்பவர் அளந்து பார்க்க வேண்டிய கணக்கு இதுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். வினாடிக்கு 3 மீட்டர் வேகமுள்ள இளங்காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு 16 வாட் சக்திதான் இருக்கிறது. 2 மீட்டர் குறுக்களவுள்ள சக்கரத்தின் வழியாக ஏறக்குறைய 50 வாட் போகும். அதில் எந்த இயந்திரமும் 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று 1920-ல் ஜெர்மானியர் பெட்ஸ் நிறுவினார். சிறிய இயந்திரத்துக்குக் கால் பங்கு கிடைத்தாலே நல்லது. ஆக மிஞ்சுவது 12 வாட், எல்.இ.டி. பல்பு ஒன்று எரியும்! அதே சக்கரம் கன்னியாகுமரிக் கரையில் 6 மீட்டர் வேகக் காற்றில் நின்றால் 100 வாட் தரும்.

தில்லி வீட்டு மாடியில் அந்த இளங்காற்றுகூட நேராக வருவதில்லை. தண்ணீர்த் தொட்டியிலும் பக்கத்து வீட்டு மூன்றாவது மாடியிலும் மோதிச் சுழன்று வருகிறது. சுழல் காற்றில் சக்கரம் திசை தேடித் தடுமாறும். அதன் அதிர்வு கூரைக்குள் இறங்கிக் கீழ்வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கும். குளிர்காலத்தில் பல நாட்கள் இலைகூட அசையாது. மே மாதப் புழுதிப் புயலோ கம்பத்தையே சாய்க்கப் பார்க்கும். அவ்வளவுக்கும் ஆசை விடவில்லையென்றால், முதலில் கிண்ணக் காற்றுமானி ஒன்றை வாங்கி மாடியில் நிறுத்தி, ஓராண்டு முழுவதும் குறித்து வைத்துப் பார்க்கலாம். இயந்திரத்தின் விலையில் அது சிறு பங்குதான். அதே மாடிக்குச் சூரியத் தகடு பொருந்தும். அதற்கு 2024 முதல் மத்திய அரசின் புதிய திட்டத்தில் மானியமும் உண்டு.

தமிழிலும் சமஸ்கிருதத்திலும் தோய்ந்த கிருஷ்ணன், நிர்வாகச் சுமைக்கிடையிலும் ஆராய்ச்சியை விட்டவரல்ல. மின்சாரத்தால் சூடேறும் கம்பியில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கடைசி ஆண்டுகளிலும் அளந்துகொண்டிருந்தார். இயக்குநராக இருந்தபோதே 1961 ஜூனில் காலமானார். வயது 62.

அவர் பெயர் தாங்கிய சாலையில் மாலை வேளையில் நடந்து போகிறவர்கள் ஒருமுறை அண்ணாந்து மரக்கிளைகளைப் பாருங்கள். எத்தனை நாள் அசைகின்றன என்று எண்ணத் தொடங்கிவிடுவீர்கள்.